புவெப்ளோ: கிராமம் அல்ல, ஊர்

ஸ்பெயின் பற்றிய ஒரு செய்தியின் தமிழாக்கத்தில் 'கிராமப் பாதுகாவலர் அறிக்கை வெளியிட்டார்' என்று படித்தேன். மூலத்தில் இருந்தது 'டெஃபென்சோர் தெல் புவெப்ளோ'. 1978ஆம் ஆண்டு ஸ்பானிய அரசியலமைப்பின் 54ஆம் பிரிவு ஏற்படுத்திய பதவி அது. அரசு அலுவலகங்கள் மீது மக்கள் தரும் முறையீடுகளை விசாரித்து நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தருபவர் அவர். கிராமம் எங்கிருந்து வந்தது? புவெப்ளோ என்ற ஸ்பானியச் சொல் என்றாலே கிராமம் என்று மனப்பாடம் செய்ததிலிருந்து வந்தது. ஸ்பானியம் கற்கும் தமிழர்களுக்கு முதல் மாதத்திலேயே இந்தத் தவறு ஊட்டப்படுகிறது.

வேர் லத்தீனின் 'பொப்புலுஸ்', பொருள் மக்கள். லத்தீனில் அழுத்தம் பெற்ற குறில் 'ஒ' ஸ்பானியத்தில் 'உவெ' ஆகும். கதவைக் குறித்த 'பொர்த்தா' 'புவெர்த்தா' ஆனதும் இப்படித்தான். மக்கள் என்பதே முதற்பொருள். அம்மக்கள் கூடி வாழும் இடம் என்ற பொருள் பிறகு சேர்ந்தது. இன்று இரண்டும் சம பலத்தோடு வழங்குகின்றன. அதே அரசியலமைப்பின் முதற்பிரிவு, நாட்டின் இறையாண்மை ஸ்பானியப் 'புவெப்ளோ'விடம் உள்ளது என்கிறது. அங்கே கிராமம் என்று எழுதிப் பாருங்கள்.

சரி, இடப்பொருளிலாவது கிராமம் பொருந்துமா? அங்கும் பொருந்தாது. நம்மிடம் கிராமம் என்பது நிர்வாகச் சொல். கிராம ஊராட்சி, கிராம நிர்வாக அலுவலர், கிராம நத்தம் என்று வருவாய்த்துறை வாசனை அடிப்பது. ஸ்பெயினில் நிர்வாக அலகின் பெயர் 'முனிசிப்பியோ'. புவெப்ளோ பேச்சு வழக்கில் வாழும் சொல். மிகச் சிறிய குடியிருப்புக்கு 'அல்தேயா' என்று தனிச்சொல் இருக்கிறது. மெக்ஸிகோ அரசு 2001இல் தொடங்கிய 'புவெப்ளோஸ் மாஹிகோஸ்' சுற்றுலாத் திட்டத்தில் சான் கிறிஸ்தோபல் தெ லாஸ் காசாஸும் உண்டு. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இடம் அது. அதைத் தமிழில் 'மாயக் கிராமம்' என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை வரைபடத்தைப் பார்த்திருக்கலாம்.

மாட்ரிடில் வேலை செய்பவர் ஆகஸ்டில் 'வோய் அல் புவெப்ளோ' என்பார். தாத்தா பாட்டி வீடும் திருவிழாவும் இருக்கும் இடத்துக்குக் கிளம்புகிறார் என்று பொருள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? 'ஊருக்குப் போறேன்.' வேறு எதுவும் சொல்ல மாட்டோம். அந்த ஊர் நாலு தெருவாக இருக்கலாம், பேருந்து நிலையமும் கல்லூரியும் உள்ளதாகவும் இருக்கலாம்.

ஊர் இடத்தை மட்டும் சொல்வதில்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். 'ஊர் சிரிக்கும்', 'ஊர் என்ன பேசும்' என்கிறோமே, அங்கே ஊர் என்றால் மக்கள். வினையும் ஒருமையில் வருகிறது. ஸ்பானியத்திலும் புவெப்ளோ ஒருமை வினையையே கொள்ளும். சோழர் கல்வெட்டுகளில் ஊர் என்பது ஊரவரின் அவைக்கே பெயர். 'ஊரோம்' என்று தன்மைப் பன்மையில் அவர்கள் ஆவணம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வேத கால வடமொழியில் 'கிராம' என்பதற்கும் மக்கள் கூட்டம் என்ற பொருள் இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பொருள் தமிழுக்குள் வரவில்லை.

இரு பொருளையும் காட்ட வேண்டும் என்று புவெப்ளோவுக்கு 'மக்களூர்' என்ற புதுச்சொல்லைச் சிலர் முன்வைக்கிறார்கள். நல்ல நோக்கம்தான், ஆனாலும் ஏற்க முடியவில்லை. மக்கள் இல்லாத ஊர் எது? ஊருக்குள் ஏற்கெனவே இருக்கும் பொருளை வெளியே எடுத்து முன்னால் ஒட்டுவது கூறியது கூறல். 'ஸ்பானிய மக்களூரிடம் இறையாண்மை உள்ளது' என்பதை வாய்விட்டுப் படித்தால் நா கூசுகிறது. அகராதியில் இரண்டு பொருள் கண்டால் இரண்டையும் தைத்து ஒரு சொல் செய்துவிடும் பழக்கம் கலைச்சொல் ஆக்குவோரிடம் பரவியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளரின் வேலை இடத்துக்கேற்ற சொல்லைத் தேர்வது. தேர்வதற்குச் சோம்பல் பட்டுத்தான் சொல் செய்யக் கிளம்புகிறார்கள். ஆங்கிலம் வழியாகவே ஸ்பானியத்தைப் படிப்பதும் இதற்கு உடந்தை.

ஊர் போதாத இடத்தில் 'குடி' என்ற சொல் இருக்கிறது. தூத்துக்குடி, காரைக்குடியில் இடம்; குடியரசு, குடிமக்களில் மக்கள். 'புவெப்ளோ'விலிருந்து பிறந்த 'போப்லார்' என்ற வினைக்குக் 'குடியேற்று' அச்சாகப் பொருந்தும். 'புவெப்ளோஸ் இந்திஹெனாஸ்' என்பதைப் 'பூர்வீகக் கிராமங்கள்' என்று எழுதுவது தவறு மட்டுமல்ல, அநியாயமும்கூட. ஓர் இனமாக உரிமை கேட்பவர்களை வெறும் இடமாகச் சுருக்கிவிடுகிறது. தொல்குடிகள் என்று எழுதுங்கள். இறையாண்மை பேசும் இடத்தில் மக்கள், ஆகஸ்டில் கிளம்பும் இடத்தில் ஊர், டெஃபென்சோருக்கு மக்கள் குறைகேட்பாளர். அமெரிக்க மாநிலமான நியூ மெக்ஸிகோவின் 19 தொல்குடிச் சமூகங்களுக்கு மட்டும் புவெப்ளோ என்றே விடலாம். 1680இல் ஸ்பானியரை எதிர்த்து எழுந்த அவர்களுக்கு அது இன்று இயற்பெயர்.