தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் மனநலம்: செட்டிநாட்டுப் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டியவை

மனநலம் என்றால் அரசுத் திட்டங்கள் பெரிய பிள்ளைகளைத்தான் முதலில் நினைக்கின்றன. வளரிளம் பருவத்தினருக்கான திட்டம் 10 வயதில் தொடங்குகிறது. 2020-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் ஆரம்பித்தது. அப்படியென்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு? உண்டு. ஆனால் சுகாதாரத் துறையில் கொஞ்சம், கல்வித் துறையில் கொஞ்சம், சட்டத்தில் கொஞ்சம் என்று பிரிந்து கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் தெரிய வேண்டியது ஆர்.பி.எஸ்.கே. என்று ஆசிரியர்கள் சொல்லும் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம். 2013-இல் தொடங்கியது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இதில் அடங்கும். நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிக்கு வருடம் ஒரு முறையும் வர வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய 30 பாதிப்புகளின் பட்டியலில் பிறவி இதயக் கோளாறு, பல் சொத்தை, ரத்தசோகை எல்லாம் இருக்கின்றன. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் குறைவும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. இது பல வீடுகளுக்குத் தெரியாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், எடையும் உயரமும் பல்லும் அங்கேயே தெரிந்துவிடும். மனசு தெரியாது. வாயைத் திற, நாக்கை நீட்டு என்றால் பிள்ளை செய்துவிட்டு நகர்ந்துவிடும். பெற்றோரோ ஆசிரியரோ முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் அந்த ஒரு நாள் பயன்படும்.

இந்த வயதுப் பிள்ளை "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லாது. திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கும், சனி ஞாயிறில் வலிக்காது. எப்போதோ நின்றுபோன படுக்கை நனைப்பது திரும்ப வரும். நோட்டைத் திறந்தால் கரும்பலகையைப் பார்த்து எழுதியது இரண்டு வரியோடு நின்றிருக்கும், 'ட'வும் 'ப'வும் இடம் மாறியிருக்கும். ஆனால் வாயால் கேட்டால் அதே பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும். இதையெல்லாம் சேட்டை, மந்தம் என்று நாம் தள்ளிவிடுகிறோம். காலை உணவுத் திட்டத்தில் சமைத்துப் போடும் மகளிர் குழு அக்காக்களையும் கேட்டுப் பாருங்கள். எந்தப் பிள்ளை தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போகிறது என்பது அவர்கள் கண்ணில் முதலில் படும்.

அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்க, அப்பத்தாவோ ஆயாவோ வளர்க்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. லீவுக்கு வந்த அப்பா திரும்பிப் போனதும் பிள்ளை சுருண்டுகொள்வது இயல்புதான், பெரும்பாலும் கொஞ்ச நாளில் சரியாகிவிடும். வாரக்கணக்கில் நீண்டால், சாப்பாடு, தூக்கம், படிப்பு மூன்றிலும் தெரிந்தால், காட்ட வேண்டும். பெரியவர்கள் இதைப் பள்ளியில் சொல்லத் தயங்குகிறார்கள். "டீச்சர், பய ராத்திரியெல்லாம் எந்திரிச்சு அழுகுறான், டாக்டரு வர்றப்ப கொஞ்சம் சொல்லுங்க" என்ற ஒரு வார்த்தை போதும்.

மருத்துவக் குழு சந்தேகப்பட்டால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையத்துக்குச் சீட்டு எழுதித் தரும். அங்கே குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் என்று பார்ப்பார்கள், கட்டணம் கிடையாது. செட்டிநாட்டின் பெரும்பகுதிக்கு மாவட்டம் சிவகங்கை. பொன்னமராவதி, திருமயம் பக்கத்துக்காரர்களுக்குப் புதுக்கோட்டை. தனியார் பள்ளிக்கு இந்தக் குழு வராது. அந்தப் பிள்ளைகளை நேராக அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று ஓ.பி. சீட்டு தரும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ உறுதியானால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் துணை நிற்கும். அதில் சொல்லப்பட்ட 21 வகைகளில் இவை இரண்டும் உண்டு. சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர் என்று ஒன்றியம்தோறும் உள்ள வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைத் தலைமையாசிரியர் மூலம் கேட்கலாம்.

சரி, பிள்ளையின் பயத்துக்குக் காரணமே வகுப்பறை என்றால்? கல்வி உரிமைச் சட்டம் 2009, 17-ஆம் பிரிவு அடியை மட்டும் தடுக்கவில்லை, மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. வகுப்பு நடுவே நிறுத்தி "நீ உருப்பட மாட்டே" என்று சொல்லிச் சொல்லிக் கூனிக் குறுக வைப்பதும் மனத் துன்புறுத்தல்தான். மீறுகிற ஆசிரியர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம். 16-ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. ஆகவே "டி.சி. வாங்கிட்டுப் போங்க" என்றால் பயந்து வாங்கிவிடாதீர்கள்.

புகார் என்றால் முதலில் தலைமையாசிரியர். அடுத்து பள்ளி மேலாண்மைக் குழு. அரசுப் பள்ளிகளில் அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆக, அங்கே பேசுவது உங்கள் உரிமை. அதற்கும் அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால் இந்த வரிசை எதுவும் வேண்டாம். நேரே காவல் நிலையம் அல்லது 1098. விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் சொல்லியாக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்பது மறைப்பதற்குக் காரணமாகாது.

ராத்திரி எந்நேரமானாலும் பேச 14416 இருக்கிறது. டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இது, தமிழில் பேசலாம், காசு இல்லை.

ஊருக்குத் தெரிந்தால் நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு பேச்சு வரும் என்ற பயத்தில்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு சிகிச்சை விவரங்களை மருத்துவமனை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. போகும்போது பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றையும், எந்தெந்த நாளில் என்ன நடந்தது என்று குறித்த காகிதத்தையும் கொண்டுபோங்கள். டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.