பட்டியலில் இருப்பதைப் படித்தீர்களா?

போன வாரம் ஒரு கட்டுரை என் மேசைக்கு வந்தது. 26 பக்கங்கள், கடைசியில் 64 மேற்கோள்கள் கொண்ட துணைநூற்பட்டியல். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, சாய்வெழுத்து எல்லாம் கச்சிதம். ஒவ்வொரு பதிவிலும் இரண்டாம் வரி அளவாக உள்ளே தள்ளி நின்றது. ஆய்விதழ்களுக்குப் பிரதி திருத்தும் தொழிலில் இத்தனை சுத்தமான பட்டியல் வருவது அபூர்வம். அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். 64-இல் 11 கட்டுரைகள் எங்குமே இல்லை. ஆசிரியர் பெயர்கள் உண்மையானவை, இதழ் உண்மையானது, அந்தத் தொகுதி எண்ணும் இருக்கிறது. ஆனால் சொல்லப்பட்ட பக்கத்தில் வேறு யாரோ வேறு எதையோ எழுதியிருக்கிறார்கள். நிலத்தடி நீர் பற்றிய ஒரு மேற்கோளின் டிஓஐ எண்ணை (இணையத்தில் ஒரு கட்டுரைக்கு உள்ள நிலையான அடையாள எண்) சொடுக்கினால் பல் மருத்துவக் கட்டுரை ஒன்று திறந்தது.

கட்டுரையாளருக்கு எழுதிக் கேட்டேன். பணிவாகத்தான் கேட்டேன். பதில் இப்படி வந்தது: “ஏபிஏ ஏழாம் பதிப்பின்படிதான் எல்லாம் செய்திருக்கிறேன் ஐயா. வடிவத்தில் ஏதாவது குறை இருந்தால் நீங்களே சரிசெய்துவிடுங்கள்.”

அந்தப் பதில் இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் வடிவத்தைப் பேசி முடித்துவிடுவோம், அது சின்ன விஷயம். ஏபிஏ, அதாவது அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் பாணியில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும். எம்எல்ஏவில் (சட்டமன்ற உறுப்பினர் அல்ல, நவீன மொழிச் சங்கம்) பெயரும் பக்க எண்ணும். பொறியாளர் அமைப்பான ஐஇஇஇயின் பாணியில் சதுர அடைப்புக்குள் வரிசை எண். வான்கூவர் பாணியும் எண் முறைதான். மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் 1978-இல் அந்த நகரத்தில் கூடி வகுத்த நெறிகளிலிருந்து வந்தது. சிகாகோ பாணியில் அடிக்குறிப்பு முறை, ஆசிரியர்-ஆண்டு முறை என்று இரண்டும் உண்டு. எது வேண்டும் என்பதை நீங்கள் அனுப்பும் இதழோ உங்கள் துறையோ எழுதி வைத்திருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்து வாசியுங்கள், பத்து நிமிடம் ஆகும். என்னிடம் கேட்காதீர்கள்.

ஹார்வர்ட் பாணி மட்டும் கொஞ்சம் வேறு கதை. அதற்கு ஏபிஏவுக்கு இருப்பது போல அதிகாரபூர்வமான ஒரே கையேடு கிடையாது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் 1881-இல் ஒரு கட்டுரையில் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டார். அதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென ஒரு ஹார்வர்டை வைத்திருக்கிறது. ஆகவே நெறியாளர் ஹார்வர்ட் என்றால், “எந்த ஹார்வர்ட்?” என்று கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொன்று: பதிப்பு எண்ணைப் பாருங்கள். ஏபிஏ ஆறாம் பதிப்பு நூல் வெளியான ஊரைக் கேட்டது, 2019-இல் வந்த ஏழாம் பதிப்பு ஊரை விட்டுவிட்டது. ஆறில் ஏழு ஆசிரியர்கள் வரைதான் பட்டியலில் முழுதாக எழுதுவோம். ஏழில் அது 20 ஆனது. ஒரே பட்டியலில் சில நூல்களுக்கு ஊர் இருந்து சிலவற்றுக்கு இல்லையென்றால், எந்தெந்தப் பதிவு பழைய ஆய்வேடு ஒன்றிலிருந்து ஒட்டப்பட்டது என்று எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, இப்போது என்னை வாட்டும் விஷயத்துக்கு வருகிறேன்.

துணைநூற்பட்டியலை வீட்டு வாசலில் போடும் கோலம் மாதிரி பலர் நினைக்கிறார்கள். வேலை எல்லாம் முடிந்த பிறகு கடைசி இரவில் போடுவது. கோடு நேராக இருந்தால் போதும். பட்டியலில் ஒரு பதிவைச் சேர்க்கும்போது நீங்கள் என்ன சொல்கிறீர்கள் தெரியுமா? “இதை நான் கையில் எடுத்துப் பார்த்தேன், நான் எழுதியது இதில் இருக்கிறது, இந்த இடத்தில் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் நீயும் போய்ப் பார்” என்கிறீர்கள். கையெழுத்துப் போடுவதற்குச் சமம். காற்புள்ளி தவறிப்போனால் நான் திருத்திவிடுவேன், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். படிக்காததைப் படித்ததாகப் போட்ட கையெழுத்தை நான் எப்படித் திருத்துவது?

“படிக்காமலா போடுவார்கள்?” என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஏமாற்ற நினைத்துப் போடுவதில்லை, அதுதான் இதில் வருத்தமே. நடப்பது இதுதான். நீங்கள் 2015-இல் வந்த ஒரு நூலைப் படிக்கிறீர்கள். அதில் 1962-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றின் கருத்து எடுத்தாளப்பட்டிருக்கிறது. கருத்து உங்களுக்குப் பிடித்துப்போகிறது. அதை எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் 1962 என்று போட்டு, பட்டியலிலும் 1962-ஐச் சேர்க்கிறீர்கள். 2015 எங்கேயும் இல்லை. மூலத்தைத்தானே காட்ட வேண்டும், அதுதானே நேர்மை என்று நினைக்கிறீர்கள். நெறியாளர்களே சிலர் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: “இரண்டாம் நிலைச் சான்று வேண்டாம், மூலத்தைப் போடு.” மூலத்தைப் போடு என்றால் மூலத்தைத் தேடி எடுத்துப் படித்துவிட்டுப் போடு என்று பொருள். பெயரை மட்டும் மாற்றிப் போடு என்று பொருளில்லை.

இதில் என்ன கெட்டுவிடும்? 2015 நூலாசிரியர் அந்தக் கருத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். பக்க எண்ணைத் தப்பாக அடித்திருக்கலாம். அவரே இன்னொருவரிடமிருந்து எடுத்திருக்கலாம். அவருடைய பிழை இப்போது உங்கள் கையெழுத்தோடு கிளம்பிவிடும். உங்களைப் படிப்பவர் உங்களிடமிருந்து எடுப்பார்.

கற்பனையாகச் சொல்லவில்லை. மிகயில் சிம்கின், வ்வானி ராய்சௌத்ரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003 வாக்கில் ஒரு வேலை செய்தார்கள். ஏறக்குறைய 4,300 முறை மேற்கோள் காட்டப்பட்ட ஓர் இயற்பியல் கட்டுரையை எடுத்துக்கொண்டு, அந்த மேற்கோள்களில் உள்ள அச்சுப் பிழைகளை எண்ணினார்கள். 196 பிழைகள். அவற்றில் ஒன்றுக்கொன்று வேறான பிழைகள் 45 மட்டுமே. ஒரே ஒரு தவறான பக்க எண் மட்டும் 78 முறை வந்திருந்தது. 78 பேர் தனித்தனியாகத் தடுமாறி ஒரே எண்ணைத் தப்பாக அடிப்பார்களா? ஒருவர் அடித்தார், மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள். மேற்கோள் காட்டுபவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்பது அவர்கள் போட்ட கணக்கு. விகிதத்தில் நீங்கள் வாதாடலாம். அந்த 78-இல் வாதாட ஒன்றுமில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பெரிய பதிப்பகம் ஒன்று, பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காகத் தன் வழிகாட்டியில் அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றிய ஒரு கட்டுரையை மாதிரிப் பதிவாக வைத்திருந்தது. ஆசிரியர் பெயர்கள், ஆண்டு 2000, தொகுதி, பக்கம் எல்லாம் உண்டு, கட்டுரைதான் கிடையாது. மாதிரிக்காகப் புனைந்தது. அந்த இல்லாத கட்டுரை ஏறக்குறைய 400 மேற்கோள்களைச் சேர்த்துவிட்டது என்று 2017-இல் தெரியவந்தது. வார்ப்புருவில் இருந்த பதிவை நீக்க மறந்தவர்கள் அதில் நிறையப் பேர் இருப்பார்கள். நீக்க மறந்ததையும் ஆசிரியர், மதிப்பீட்டாளர், பிரதி திருத்துபவர் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. என் இனத்தாரும் இதில் குற்றவாளிகள்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பசலைக்கீரைக் கதையும் இந்த வகைதான். பழைய ஆய்வாளர் ஒருவர் தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்ததால்தான் அந்தக் கீரையில் பத்து மடங்கு இரும்பு இருப்பதாக உலகம் நம்பியது என்பார்கள். 1981-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரை சான்று காட்டாமல் அதைச் சொன்னது. பிறகு வந்தவர்கள், அறிவியலில் கவனக்குறைவு எவ்வளவு ஆபத்து என்று எச்சரிப்பதற்காகவே அதை மேற்கோள் காட்டினார்கள். 2010-இல் ஒருவர் மூலத்தைத் தேடிப் போனார். புள்ளி இடம் மாறியதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. கவனக்குறைவை எச்சரித்தவர்கள் கவனிக்கவில்லை.

மூலம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? வழி இருக்கிறது, வெட்கப்பட வேண்டியதும் இல்லை. 1962-ஆம் ஆண்டுக் கட்டுரை “2015-ஆம் ஆண்டு நூலில் எடுத்தாளப்பட்டது” என்று உள்ளே எழுதுங்கள். ஏபிஏ பாணியில் பட்டியலில் 2015 மட்டும் வரும். மற்ற பாணிகளிலும் இதற்கு இடம் உண்டு. ஒரு கட்டுரையில் இரண்டு மூன்று இடங்களில் இப்படி வந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முப்பது இடத்தில் வந்தால், கட்டுரையை இன்னும் எழுத ஆரம்பித்திருக்கக் கூடாது.

அப்புறம் மென்பொருள். ஜோட்டேரோ, மெண்டலி, எண்ட்நோட் எல்லாம் நல்லவை. நானே பயன்படுத்துகிறேன், கையால் பட்டியல் போடச் சொல்லும் பழமைவாதி இல்லை. ஆனால் அவை நீங்கள் கொடுத்த தகவலை அடுக்கித் தருபவை. தகவல் சரியா என்று அவற்றுக்குத் தெரியாது. ஒரு நிறுவனத்தின் பெயரை ஆள் பெயருக்கான கட்டத்தில் போட்டால், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக்கி மற்றதை முன்னெழுத்தாக்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் “நிறுவனம், உ. சு.” என்று ஓர் ஆளாக மாறி அகர வரிசையில் போய் உட்கார்ந்திருப்பதை எத்தனை முறை பார்த்துவிட்டேன். குடும்பப் பெயர் இல்லாதவர்கள், குடும்பப் பெயரை முன்னால் எழுதுபவர்களின் நிலையும் இதே திண்டாட்டம்தான். தேடுபொறியின் “மேற்கோள்” பொத்தானை அழுத்தி எடுத்த பதிவில் பதிப்பகம் விடுபட்டிருக்கலாம், மறுஅச்சின் ஆண்டு முதற்பதிப்பின் ஆண்டாக வந்திருக்கலாம். நூலைக் கையில் வைத்து, தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பார்த்துச் சரிபாருங்கள். அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் “இந்தத் தலைப்புக்குப் பத்து மேற்கோள் கொடு” என்று கேட்பவர்களுக்கு: அது மேற்கோள் போலத் தோன்றும் வரியைக் கோத்துத் தருவதில் கெட்டிக்காரன். 2023-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், அப்படி வந்த இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்ததற்காக வழக்கறிஞர்களுக்கும் அவர்களது நிறுவனத்துக்குமாக 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். என் 11 மேற்கோள்களும் அந்த வழியில்தான் வந்தன என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் அத்தனை ஒழுங்கான பட்டியல் மனிதக் கையிலிருந்து எனக்கு வந்ததே இல்லை.

இனி சுருக்கமாகச் சில. எழுதும்போதே பதிவு செய்யுங்கள், பக்க எண்ணோடு. முடித்துவிட்டுத் தேடினால் அந்தப் பக்கம் கிடைக்கவே கிடைக்காது. உள்ளே வந்த ஒவ்வொரு பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும், மேற்கோள் பட்டியலாக இருந்தால் அதில் உள்ள ஒவ்வொன்றும் உள்ளே வந்திருக்க வேண்டும். படித்தும் மேற்கோள் காட்டாத நூல்களைச் சேர்க்கச் சில துறைகள் அனுமதிக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் இரண்டு எழுதியிருந்தால் ஆண்டோடு அ, ஆ சேருங்கள். “மேலது” என்று அடிக்குறிப்பில் போடுபவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், இறுதி வடிவம் வரும்வரை அதைப் போடாதீர்கள். நடுவில் ஒரு பத்தியை வெட்டி ஒட்டினால் அந்த “மேலது” வேறு நூலைக் காட்ட ஆரம்பித்துவிடும், யாருக்கும் தெரியாது.

டிஓஐ இருந்தால் அதைக் கொடுங்கள்; 10 என்று தொடங்கும் எண் அது. கொடுத்துவிட்டு ஒருமுறை சொடுக்கிப் பாருங்கள். ஒரே ஒருமுறை. வெறும் இணைய முகவரியென்றால், இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒரு பிரதி சேமித்துவிட்டு அந்த இணைப்பையும் கொடுங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் காட்டப்பட்ட இணைப்புகளிலேயே பாதி, மேற்கோள் காட்டிய தகவலுக்கு இப்போது போவதில்லை என்று 2014-இல் வந்த ஆய்வு ஒன்று கண்டது. நம் இணைப்புகள் எம்மாத்திரம்.

மேற்கோள் காட்டும் கட்டுரை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் 2010-இல் திரும்பப் பெற்றது, அதற்குப் பிறகும் அதைச் சான்றாகக் காட்டியவர்கள் உண்டு. திரும்பப் பெற்ற கட்டுரைகளின் தரவுத்தளம் ரிட்ராக்‌ஷன் வாட்ச் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது, ஜோட்டேரோவும் சிவப்பில் எச்சரிக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்தும் சேர்ப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

நேற்று அந்தக் கட்டுரையாளரிடமிருந்து திருத்திய பிரதி வந்தது. “நீங்கள் சொன்ன 11-ஐயும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன் ஐயா, இப்போது எல்லாம் சரியாக இருக்கும்” என்று எழுதியிருந்தார். திறந்து பார்த்தேன். பட்டியலில் 53 இருந்தன, வரிசை மாறாமல். உள்ளே, அந்த 11-ஐச் சான்றாகச் சொல்லி எழுதிய வாக்கியங்கள் ஒன்றுகூட மாறவில்லை, அடைப்புக்குறிகளை மட்டும் நீக்கியிருந்தார்.

திருப்பி அனுப்பியிருக்கிறேன்.