வாயிலேயே வைத்திருக்கும் சோறு

"ஒரு வாய் ஊட்டினா அரை மணி நேரம் கன்னத்துலயே வச்சிருக்காக்கா, முழுங்கவே மாட்டேங்கிறா" என்று என் தங்கை போனில் சொல்லும்போது பாதி அழுகையாக இருக்கும். மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. ஒன்றரை வயது வரை பருப்புச் சோறு, இட்லி, காய் என்று எதுவானாலும் மிக்ஸியில் ஒரு ஓட்டு ஓட்டிக் கூழாகத்தான் கொடுத்தார்கள், அவளும் மடமடவென்று விழுங்கினாள். இனி பெரிய பிள்ளை என்று முழுச் சோற்றுக்கு மாற்றிய அன்றிலிருந்து இந்தக் கூத்து. வீட்டில் எல்லாரும் அடம் என்றார்கள். நானும்தான்.

அது அடம் இல்லை, அவளுக்கு மெல்லத் தெரியவில்லை. சப்புவது பிறக்கும்போதே கூட வரும் அனிச்சைச் செயல், நாக்கு முன்னும் பின்னுமாகப் போய்வந்தால் போதும். கெட்டியாக எது பட்டாலும் வெளியே தள்ளிவிடும் வழக்கமும் நாக்குக்கு உண்டு, அது நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் மறைகிறது. மெல்லுவது அப்படித் தானாக வருவதில்லை, நடை பழகுவது போலப் பழகித்தான் வரும்.

ஒரு வாய் சோற்றை வாயில் போட்டுக்கொண்டு உங்கள் நாக்கையே கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பருக்கைகளை அது பக்கவாட்டில் தள்ளிப் பற்களுக்கு நடுவே கொண்டுபோய் வைக்கிறது, தாடை மேலும் கீழும் மட்டுமில்லாமல் லேசாகச் சுற்றி அரைக்கிறது, கன்னம் இறுகி எதுவும் ஓரத்தில் போய் ஒதுங்காமல் பார்த்துக்கொள்கிறது, அப்புறம் நாக்கு எல்லாவற்றையும் எச்சிலோடு கூட்டி ஒரு உருண்டையாக்கித் தொண்டைக்கு அனுப்புகிறது. கூழுக்கு இதில் எதுவுமே தேவையில்லை, சப்பினாலே உள்ளே போய்விடும். பிஸ்கட்டும் எச்சிலில் கரைந்துவிடும். சோறு அப்படியில்லை, வாயெல்லாம் சிதறும். "பிஸ்கட் மட்டும் நல்லா தின்னத் தெரியுது, சோறுன்னா கசக்குதா" என்று திட்டுகிறோமே, அந்தக் கேள்விக்குப் பதில் இதுதான். சோற்றை என்ன செய்வதென்று தெரியாத நாக்கு அதைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டுச் சும்மா இருக்கிறது.

"பல் முளைக்கட்டும், அப்புறம் கெட்டியா கொடுக்கலாம்" என்று காத்திருப்பதும் வேண்டாத வேலை. குழையச் சமைத்ததை மசிக்க ஈறே போதும், கடைவாய்ப் பல் எப்படியும் ஒரு வயதுக்கு மேல்தான் வரும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் 7,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பார்த்தபோது, கட்டி கட்டியான உணவை ஒன்பது மாதத்துக்குப் பிறகே தொடங்கியவர்களிடம் ஏழு வயதிலும் சாப்பாட்டுப் பிரச்சினைகள் அதிகம் தெரிந்தன. தாமதம்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, முதலிலிருந்தே கஷ்டப்பட்ட குழந்தைகளுக்குத் தாமதமாகக் கொடுத்திருக்கலாம். ஆனாலும் ஆறு மாதத்தில் கூழில் தொடங்கி, எட்டு மாதத்துக்குள் கையால் மசித்ததற்கு வந்துவிடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பாட்டிமார் விரலால் மசித்து ஊட்டியபோது நாலு பருக்கையாவது தப்பித்து வாய்க்குள் போனது, மிக்ஸி அதையும் விடுவதில்லை.

எல்லாரையும் பயமுறுத்துவது ஓங்கரிப்பு. அதைத் தூண்டும் இடம் பெரியவர்களுக்கு நாக்கின் பின்பக்கம், ஆறு மாதக் குழந்தைக்கு இன்னும் முன்னால். அதனால் சின்னக் கட்டி பட்டாலே முகம் சிவந்து உவ்வே என்று வெளியே தள்ளும். இது காவல்காரன் வேலை, பழகப் பழக அந்த இடம் பின்னால் நகர்ந்துவிடும். தொண்டை அடைத்தால் சத்தமே வராது, அழவோ இருமவோ முடியாது, ஆபத்து அதில்தான். அதனால் முழு வேர்க்கடலை, முழு திராட்சை, பச்சைக் கேரட் துண்டு எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், சாப்பிடும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

ஒரு வயதுக்கு மேல் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்ளும். மூன்று கிலோவில் பிறக்கும் குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் சுமார் ஒன்பது கிலோ ஆகிறது. அடுத்த ஆண்டு முழுவதும் ஏறுவதோ இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவானால் பசியும் குறையும், அம்மாவின் கிண்ணம் மட்டும் குறைவதில்லை. அதோடு, சொந்தமாக நடக்கத் தொடங்கும் வயதில் தெரியாத உணவைக் கண்டு பயமும் வருகிறது, கண்டதை எடுத்து வாயில் போடாமல் காக்க அது உதவியிருக்கும். புதிய காய் ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டுப் பத்து தடவை, சிலருக்குப் பதினைந்து தடவைகூட ருசிக்க வேண்டியிருக்கும், நாமோ மூன்றாவது தடவையே "இவளுக்கு இது பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். வற்புறுத்தலும் உதவாது. அமெரிக்காவில் லியான் பர்ச் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், "சூப்பைக் குடித்து முடி" என்று சொல்லப்பட்ட பாலர் பள்ளிப் பிள்ளைகள், அப்படி எதுவும் சொல்லப்படாதபோது குடித்ததைவிடக் குறைவாகவே குடித்தார்கள்.

ஆனால் எடை ஏறாமல் நின்றாலோ, இறங்கினாலோ, ஒவ்வொரு வேளையும் இருமல், புரையேறல் வந்தாலோ, நான்கைந்து உணவைத் தவிர எதையும் தொடவில்லை என்றாலோ, மண், சாக்பீஸ் தின்றாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவும் மலச்சிக்கலும்கூடப் பசியைக் கெடுக்கும். மெல்லவும் விழுங்கவும் பழக்குவது பேச்சுப் பயிற்சியாளர்களின் (ஸ்பீச் தெரபிஸ்ட்) வேலையிலும் சேர்த்தி, பலருக்கு இது தெரியாது. பசி எடுக்க என்று கடையில் நாமே வாங்கும் சிரப்புகளில் சில, உண்மையில் தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்து, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தங்கைக்குச் சொல்லித்தந்த பயிற்சியாளர் முதலில் செய்தது ஸ்பூனை வாயின் நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றியதுதான். உணவு கடைவாய் பக்கம் பட்டால் நாக்கு அதைத் தேடிப் பக்கவாட்டில் நகரப் பழகும். இட்லியை விரல் நீளத்துக்கு வெட்டிக் கையில் கொடுத்தார்கள், சாப்பாட்டு நேரத்தில் போனைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்தார்கள், நாள் முழுக்கக் குடித்த பாலை இரண்டு டம்ளராகக் குறைத்தார்கள், அரை மணி நேரம் ஆனால் தட்டை எடுத்துவிட்டார்கள், மிச்சம் இருந்தாலும் சரி. முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை, தங்கை தினமும் போன் செய்து என்னைத்தான் திட்டினாள். கன்னத்தில் ஒதுக்குவது நிற்க நாலு மாதம் ஆனது.

இப்போது நாலரை வயது. பூசணிக்காயை இன்னும் தொடுவதில்லை. போன வாரம் போயிருந்தபோது சாம்பாரிலிருந்து முருங்கைக்காயைத் தேடி எடுத்து, கடித்து இழுத்து, சதையை மட்டும் உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.