நிலம் ஊர்கிறது, சரி. பூகம்பம் வராது என்று யார் சொன்னது?

இந்த மாதத்தில் நான் சோதிக்கப் போன நான்காவது வீடு இது. கலிபோர்னியாவில், ஹேவர்ட் நிலப்பிளவின் (இரு பக்கப் பாறையும் ஒன்றையொன்று உரசி நகரும் பிளவு) மேலேயே நிற்கிறது. கார் நிறுத்தும் தளத்தில் நீளமாக ஒரு விரிசல். தெரு ஓரக்கல் ஒரு சாண் விலகிக் கிடக்கிறது. வீட்டுக்காரரோ நிம்மதியாக இருக்கிறார்: "நிலம்தான் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறதே, அழுத்தம் அப்போதைக்கப்போது இறங்கிவிடும், பெரிதாக ஒன்றும் வராது."

முன்பெல்லாம் பொறுமையாக விளக்குவேன். இப்போது கோபம்தான் வருகிறது. அந்தப் பிளவின் மேல்தான் அவருடைய பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். நீண்டகாலச் சராசரியில் இந்தப் பிளவின் இரு பக்கமும் ஆண்டுக்குச் சுமார் 9 மி.மீ. விலகியாக வேண்டும். தரையில் ஊர்வதோ பல இடங்களில் சுமார் 5 மி.மீ.தான். மீதி எங்கே போகிறது? எங்கும் போகவில்லை, அடியில் சேர்கிறது. அந்த 5 மி.மீ.கூட மேல்மட்டத்துக் கணக்குதான். சில கிலோமீட்டர் ஆழத்தில் இரு பக்கப் பாறையும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. 1868-இல் இதே பிளவு உடைந்து சுமார் 30 பேர் இறந்தார்கள். தைவானின் சிஷாங் பகுதியில் ஆண்டுக்கு 2 செ.மீ.க்கு மேல் ஊர்ந்துகொண்டிருந்த பிளவிலேயே 2003-இல் 6.8 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது.

சின்னச் சின்ன அதிர்வுகள் பாரத்தை இறக்கிவிடும் என்பதும் இதே ரகம். 7 அளவுள்ள ஒரு நிலநடுக்கத்தின் ஆற்றலைத் தீர்க்க 4 அளவில் சுமார் 30,000 வர வேண்டும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. கலிபோர்னியாவிலேயே உள்ள சான் ஆண்ட்ரியாஸ் என்ற பெரிய பிளவின் நடுப்பகுதி கிட்டத்தட்ட முழு வேகத்தில் ஊர்கிறது. அங்கே ஆபத்து குறைவுதான். ஆனால் அந்த ஒரு துண்டை வைத்து உங்கள் வீட்டைக் கணிக்காதீர்கள்.

தயவுசெய்து விரிசலைப் பூசி மறைக்காதீர்கள். இரு பக்கமும் குறியிட்டு, தேதி எழுதி, ஆண்டுக்கொரு முறை அளந்து வையுங்கள். கலிபோர்னியாவின் 1972-ஆம் ஆண்டுச் சட்டம், இயங்கும் பிளவின் மேல் புது வீடு கட்டப் பொதுவாகத் தடை போடுகிறது. அதற்கு முன் கட்டிய வீடுகளை நாம்தான் கவனிக்க வேண்டும். வீட்டின் மரச்சட்டம் அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். வெந்நீர்த் தொட்டியைச் சுவரோடு பட்டை போட்டுக் கட்டுங்கள். பிளவைக் கடக்கும் குழாய்களுக்கு வளைந்து கொடுக்கும் இணைப்பு வேண்டும்.

அப்புறம், கேஸ் மீட்டர் பக்கத்திலேயே ஒரு ஸ்பேனர் இருக்கட்டும். குலுங்கிய பிறகு கேஸ் வாசனையோ சீறும் சத்தமோ இருந்தால் மட்டும் வால்வை மூடுங்கள். மூடியதை நீங்களே திறக்க வேண்டாம், கேஸ் கம்பெனி ஆள் வரும்வரை வெளியே காத்திருங்கள்.