எழுத்து ஓடுவதில்லை: டைம்ஸ் சதுக்கம் முதல் திருவிழாத் திரை வரை

நியூயோர்க்கின் டைம்ஸ் சதுக்கத்துக்கு 1904 வரை லோங்கேக்கர் சதுக்கம் என்று பெயர். ‘நியூயோர்க் டைம்ஸ்’ பத்திரிகை அங்கே கோபுரம் எழுப்பியதால் பெயர் மாறியது. 1907 டிசம்பர் 31 இரவு, 25 வோற் மின்குமிழ்கள் நூறு பூட்டிய பந்து அதன் உச்சியிலிருந்து முதன்முறை இறங்கியது. ஆனாலும், மட்டக்களப்பு மாமாங்கம் கோயிலின் ஆடி அமாவாசைத் திருவிழா போன்ற கூட்டங்களுக்குப் பொருத்தும் எல்.ஈ.டி. திரைக்கு மூதாதை அந்தப் பந்து அல்ல. 1928 நவம்பரில் அதே கட்டடத்தைச் சுற்றி ஒளிரத் தொடங்கிய செய்திப் பட்டிதான்.

அதில் 14,800 மின்குமிழ்கள். எதுவும் இடம்பெயரவில்லை. உள்ளே எழுத்துக்கள் கோத்த சட்டங்கள் மின்முனைகளைத் தொட்டபடி நகர்ந்தன. தொட்ட முனைக்குரிய குமிழ் எரிந்தது. ஒரு குமிழ் அணைந்து பக்கத்துக் குமிழ் எரிவதை நம் மூளை ஓட்டமாகக் காண்கிறது. இன்றைய திரையில் அந்தச் சட்டத்தின் வேலையைக் கட்டுப்பாட்டு அட்டை செய்கிறது.

திரை வாடகைக்கு எடுப்பவர் முதலில் கேட்கவேண்டியது பருமனை அல்ல, புள்ளி இடைவெளியை. பி10 என்றால் அடுத்தடுத்த இரு புள்ளிகளின் மையங்களுக்கு இடையே 10 மில்லிமீற்றர். திரை பல சிறு பலகைகளால் ஆனது; வழமையான பி10 பலகை 320 × 160 மில்லிமீற்றர். அதில் 32 × 16, அதாவது 512 புள்ளிகள். வண்ணத் திரையில் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீல விளக்குகள் இருக்கும். நல்ல பார்வையுள்ள கண்ணுக்கு இந்தப் புள்ளிகள் முற்றாகக் கலப்பது ஏறக்குறைய 34 மீற்றரில். பி4 என்றால் 14 மீற்றரில். படம் புரிய அதில் மூன்றிலொரு பங்கு தூரமே போதும். ஆகவே கல்லடிக் கடற்கரை போன்ற திறந்த வெளிக்குப் பி10 தாராளம். சிறு மண்டபத்தில் முன்வரிசைக்காரர் படத்தைக் காணமாட்டார், பொட்டுப் பொட்டான வெளிச்சத்தையே காண்பார்.

எழுத்து மட்டும் ஓடும் பட்டியில் தமிழுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு 7 புள்ளி உயரம் போதும். தமிழில் மேலே ‘க்’கின் புள்ளியும் ‘கி’யின் விசிறியும், கீழே ‘ழு’வின் சுழியும் வரும். 16 புள்ளி உயரத்தில் ஒரு வரி மட்டும் வையுங்கள். இரண்டு வரியாக நெருக்கினால் ‘க’வும் ‘க்’கும் ஒன்றாகிவிடும்.

பழுதுகளில் அதிகம் குழப்புவது வெள்ளை நிறம் சிவந்து தெரிவது. பலகைகள் 5 வோல்ற்றில் இயங்குபவை. வயர் மெல்லியதாகவோ நீளமாகவோ இருந்தால் கடைசிப் பலகைக்குப் போகும் அழுத்தம் குறையும். சிவப்பு விளக்குக்கு ஏறத்தாழ 2 வோல்ற் போதும்; பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வேண்டும். அதனால் அவை முதலில் மங்க, சிவப்பு மிஞ்சுகிறது. பலகையை மாற்றுவது வீண்செலவு. தடித்த வயர் போட்டு, மின்வழங்கியைப் பலகைகளுக்கு அருகே வைக்கவேண்டும்.

ஒரு பலகையிலிருந்து அதற்கு அடுத்தவை எல்லாம் இருண்டால், மின் வருகிறதா என்று பார்த்துவிட்டு ரிப்பன் வயரைச் சோதியுங்கள். தரவு ஒரு பலகைக்குள் புகுந்து அடுத்ததற்குப் போவதால், நடுவில் அறுந்தால் பின்னாலுள்ளவை பட்டினிதான். கடலோரத்தில் இதற்குப் பெரும்பாலும் காரணம் முனைகளில் பிடிக்கும் உப்புக் கறள். திறந்த வெளிக்கான பலகையின் முகம் மழைக்கு அடைக்கப்பட்டிருந்தாலும் முதுகுப்பக்கம் அந்தளவு பாதுகாப்பானதல்ல. திரையின் முதுகைக் கடற்காற்றுக்குக் காட்டி நிறுத்தாதீர்கள்.