அப்சைக்கிளிங்: பழைய துணியில் புதியது தைப்பதற்குத் தமிழ்ச் சொல் எது?

'அப்சைக்கிளிங்' என்று எழுதிப் பார்த்தால் நமக்கு முதலில் மிதிவண்டிதான் கண்ணில் படுகிறது. அந்தச் சைக்கிளுக்கும் இந்தச் சைக்கிளுக்கும் வேர் ஒன்றே: வட்டம், சக்கரம் என்ற பொருளுள்ள 'கூக்லோஸ்' என்னும் கிரேக்கச் சொல். அதன் முன்னால் 'மேலே' என்ற பொருள்படும் ஆங்கில ஒட்டைச் சேர்த்தால் அப்சைக்கிளிங்.

தையல் உலகில் இதன் பொருள் கறாரானது. போட்டுத் தள்ளிய சட்டை, கட்டாமல் பெட்டியில் கிடக்கும் சேலை, இடுப்பு சேராத ஜீன்ஸ் ஆகியவற்றை நூலாகவோ பஞ்சாகவோ சிதைக்காமல், துணியாகவே பிரித்து வெட்டி, முன்பிருந்ததைவிட மதிப்புக் கூடிய வேறோர் உடையாகத் தைப்பது. மூன்று நிபந்தனைகளும் சேர்ந்தே வர வேண்டும். ஜிப் மாற்றினால் அது பழுதுபார்ப்பு. பக்கத்தைப் பிடித்தால் கடைக்காரர் சொல்லும் 'ஆல்டர்'. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டால் மறுபயன்பாடு. பனியனைக் கிழித்து வண்டி துடைத்தால் அதுவும் பயன்தான், ஆனால் மதிப்பு இறங்கிவிட்டது.

இந்தச் சொல் பிறந்தது துணிக்கடையில் அல்ல, செங்கல் குவியலில். பழைய கட்டடப் பொருள்களை மீட்டு விற்பவர்களுக்காகப் பிரிட்டனில் வெளிவந்த 'சால்வோ' என்ற இதழுக்கு, ஜெர்மானியரான ரைனர் பில்ஸ் 1994 அக்டோபரில் ஒரு பேட்டி அளித்தார். நல்ல செங்கற்களை உடைத்து ஜல்லியாக்கிவிட்டு அதற்கு மறுசுழற்சி என்று பெயர் வைக்கிறார்கள், அது கீழிறக்கம்தான், நமக்கு வேண்டியது பழைய பொருளுக்கு மதிப்பை ஏற்றும் வேலை என்பது அவர் வாதம். கீழிறக்கத்துக்கு 'டவுன்சைக்கிளிங்' என்றும், ஏற்றத்துக்கு 'அப்சைக்கிளிங்' என்றும் ஒரே மூச்சில் சொன்னார். பெல்ஜியத்தைச் சேர்ந்த குந்தர் பௌலியின் நூலொன்று 1999இல் ஜெர்மனில் இதே தலைப்போடு வந்தது. ஆடை வடிவமைப்பாளர்கள் கையில் சிக்கியது அதற்குப் பிறகுதான். இதற்கெல்லாம் மூத்த சொல்லான 'ரீசைக்கிள்' 1920களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் புழங்கியது. ஒரு முறை ஓடிய பொருளை அதே குழாய்களில் மறுபடி ஓட்டுவதைக் குறித்தது. அங்கே உண்மையிலேயே ஒரு சுழற்சி இருந்தது.

பில்ஸ் செங்கல்லைப் பற்றிச் சொன்னது துணிக்கும் பொருந்தும். 1813இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில், பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலை அரைத்து மறுபடி நூலாக்கும் முறையைக் கண்டார். அந்த நூலுக்கு 'ஷாடி' என்று பெயர். மட்டமானது என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சொல் இன்றும் வழங்குவது தற்செயல் அல்ல. ஹரியானாவின் பானிபட்டில் நடக்கும் கம்பளித் தொழிலும், திருப்பூர்ப் பனியன் வெட்டுக்கழிவைப் பஞ்சாக்கி நூற்பதும் இந்த வழியில் வந்தவை. துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும்போது இழையின் நீளம் குறைந்துவிடும். குட்டை இழையில் மெல்லிய நூல் நிற்காது. எனவே புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலந்து தடித்த நூலாகத்தான் நூற்க முடியும். வேண்டிய தொழில்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது வேறு வேலை, அதற்கு வேறு பெயர் வேண்டும்.

தமிழில் அந்தப் பெயர் இருக்கிறது. தமிழ்நாட்டில் மறுசுழற்சி, இலங்கையில் மீள்சுழற்சி. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. அதே வாய்பாட்டில் 'உயர்சுழற்சி', 'மேல்சுழற்சி' என்று அப்சைக்கிளிங்கை மாற்றுகிறோம். சுழற்சி என்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது. அப்பாவின் சட்டை மகளின் கவுனாகும்போது எதுவும் எங்கும் திரும்பவில்லை. போதாக்குறைக்கு, 'மேல்சுழற்சி' என்று கேட்டால் வானிலை அறிக்கை நினைவுக்கு வருகிறது. சொல்லைத் தேடும் முன், மேசையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மேசையில் நடப்பது

முதலில் தேர்வு. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இற்ற இடம் சல்லடையாகத் தெரியும். சட்டையில் காலர் மடிப்பு, முழங்கை, கையோர விளிம்பு. பேன்ட்டில் தொடைச்சந்து, முழங்கால். சேலையில் இடுப்பில் செருகும் பகுதி, தோளில் பின் குத்தும் இடம், தரை உரசும் கரை. இவற்றைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். சேலையில் சாயம் போகாமல் மிஞ்சுவது பெரும்பாலும் முந்தானைக்கு எதிரே, உள்ளே சுற்றிக் கட்டும் முனைப் பக்கம். பட்டென்றால் இரண்டு கட்டைவிரல்களையும் நெருக்கி வைத்து, பாவுப் (நீள இழை) போக்கிலும் ஊடைப் (குறுக்கு இழை) போக்கிலும் மெல்ல இழுத்துப் பார்க்கவும். மடிப்புக் கோட்டில் 'பர்'ரென்று விட்டால் அந்தப் பகுதியை எந்த லைனிங்கும் காப்பாற்றாது.

அடுத்தது, பலரும் தவறவிடும் ஒன்று. பழைய துணி பல துவைப்புகளில் சுருங்கி முடித்தது. புதிதாக வாங்கும் லைனிங், கேன்வாஸ், நாடா ஆகியவை இனிமேல்தான் சுருங்கும். இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால் முதல் துவைப்பிலேயே உள்துணி இழுத்து மேல்துணி பலூன்போல் உப்பும். புதுத் துணியைத்தான் ஓர் இரவு நனைத்துக் காயவைத்து வெட்ட வேண்டும். சாயத்துக்கும் ஒரு சோதனை உண்டு. நனைத்த துணிமேல் வெள்ளைத் துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தவும். வெள்ளையில் நிறம் இறங்கினால் அதை வெளிர்நிறத் துணியோடு சேர்க்காதீர்கள்.

பிறகு பிரித்தல். தையலின் ஒரு பக்கத்தில் நான்கு ஐந்து பிடிப்புக்கு ஒன்றை அறுத்துவிட்டு, மறுபக்க நூலை இழுத்தால் முழு நீளமாக வந்துவிடும். துணியை இரு கையால் பிடித்துப் பிய்ப்பது வேகம்தான், ஆனால் இற்ற துணியில் தையலுக்குப் பதில் துணி பிரியும். சட்டையின் பக்கத் தையல் உள்மடித்து இரட்டையாக ஓட்டியது. அதைப் பிரிக்க ஒரு மணி நேரம் செலவிடுவதைவிட, ஒட்டி வெட்டி அரை அங்குலத்தை விட்டுக்கொடுப்பது புத்திசாலித்தனம். பழைய ஊசித் துளை பருத்தியில் ஒரு நனைப்பிலும் இஸ்திரியிலும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பட்டில் மூடாது. அதனால் பட்டில் பழைய தையல் கோடு புதிய உடையின் தையலுக்குள் மறையும்படி வெட்ட வேண்டும்.

ஓர் உதாரணத்தை அளவோடு பார்ப்போம். 42 சைஸ் முழுக்கைச் சட்டையில் மூன்று வயதுக் குழந்தைக்குக் கவுன். குழந்தையின் மார்பு 21 அங்குலம். தளர்வுக்கு 2 சேர்த்து 23. சட்டையின் உடல் சுற்றளவு ஏறத்தாழ 46. அதாவது இரண்டுக்கு ஒன்று என்று சுருக்கம் வைத்தால் பாவாடைப் பகுதி கச்சிதமாகப் பொருந்தும். சட்டையின் பொத்தான் பட்டி கவுனின் முதுகுக்குப் போக வேண்டும், புதிதாகக் காஜா (பொத்தான் துளை) எடுக்கும் வேலை மிச்சம். அக்குளுக்கு 2 அங்குலம் கீழே, இரண்டு பொத்தான்களுக்கு நடுவில் விழும்படி குறுக்கே வெட்டவும். பொத்தான்மேல் வெட்டு விழுந்தால் அந்தக் காஜா போச்சு. கீழ்ப்பகுதி பாவாடை: வளைந்த அடி ஓரத்தை நேராக வெட்டியபின் 13 அங்குலம் இருந்தால் போதும். சட்டை மேல்பகுதியின் முன் துண்டுகளிலிருந்து கவுன் மேலுடம்பின் பின் பாதிகள் இரண்டு, பட்டியோடு சேர்த்து ஒவ்வொன்றும் 6½ முதல் 7 அங்குல அகலம். முன்பக்கத்துக்கு 12½ அங்குல அகலத் துண்டு வேண்டும். சட்டையின் முதுகில் எடுத்தால் யோக் (தோள்பட்டைத் துண்டு) தையல் குறுக்கே ஓடும், எனவே ஒரு கையை விரித்து அதிலிருந்து எடுக்கலாம். அரைக்கைச் சட்டை என்றால் கைத்துணி போதாது, யோக் கோட்டை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். மற்றொரு கையில் 1¼ அங்குல அகலத்தில் கிராஸ் பட்டி (மூலைவாக்கான பட்டி) வெட்டினால் கழுத்துக்கும் கைக்குழிக்கும் சரியாக இருக்கும்.

கோட்டைவிடும் இடங்கள் இரண்டு. பாவாடையைச் சுருக்கும்போது பொத்தான் பட்டியையும் சேர்த்துச் சுருக்கினால் அங்கே துணி கட்டையாகிப் பொத்தான் மாட்டாது. பட்டியின் இருபுறமும் ஒன்றரை அங்குலத்தைச் சுருக்காமல் விட வேண்டும். இன்னொன்று பாக்கெட். பிரித்து எடுத்தால் அடியில் வெயில் படாத கரும்சதுரம் நிற்கும், எந்தச் சோப்பும் அதைப் போக்காது. நூலிலேயே சாயமேற்றி நெய்த கட்டம், கோடு போட்ட துணி இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதால் உள்பக்கத்தை வெளியே திருப்பித் தப்பிக்கலாம், ஆனால் அப்போது பட்டியையும் பிரித்து மறுபடி மடிக்க வேண்டும். அச்சுத் துணியில் அந்த வழியும் இல்லை. அதே பாக்கெட்டை அங்கேயே விட்டுவிடுங்கள். முதுகில் பாக்கெட் வைத்த கவுன் ஒன்றும் குறைச்சலில்லை.

ஜீன்ஸைப் பாவாடையாக்குவோர் எல்லாரும் ஓரிடத்தில் தடுக்குவார்கள். உள்கால் தையலைப் பிரித்துவிட்டு, தொடைச்சந்தின் வளைவை அப்படியே விட்டுத் தைத்தால் முன்னால் ஒரு கொம்பு போல் புடைக்கும். ஜிப்புக்குக் கீழே ஏறத்தாழ 2 அங்குலம் வரை வளைவைப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்றைத் தட்டையாகப் படுக்கவைத்துத் தைக்க வேண்டும். 16 அல்லது 18ஆம் நம்பர் ஊசி, 3 மில்லிமீட்டருக்குக் குறையாத தையல் நீளம். நாலைந்து மடிப்பு சேரும் முடிச்சைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்காவிட்டால் ஊசி முறியும்.

பட்டுச் சேலையில் பாவாடை தைப்பது தமிழ் வீடுகளில் புதிதல்ல. கரையை அடியோரமாக வைத்து, ஐந்து வயதுக்கு இரண்டரை மீட்டர் சுற்று என்பது வழக்கமான கணக்கு. குழந்தை வளர வளரப் பிரித்துவிட டக் (மடித்துப் பிடிக்கும் தையல்) பிடிப்பார்கள்; ஓர் அங்குல டக் இரண்டு அங்குலத் துணியைத் தின்னும். பழம்பட்டில் மட்டும் டக்கை இஸ்திரியால் அழுத்தக் கூடாது, அந்தக் கோட்டிலேயே இறும். முழுத் துணிக்கும் அடியில் மல் துணியைக் கொடுத்து, இரண்டையும் ஒரே துணிபோல் சுற்றித் தைத்துக்கொண்டு பிறகு உருவாக்கவும். 11ஆம் நம்பர் ஊசி. பாலியஸ்டர் நூல் வேண்டாம். இழுப்பு வரும்போது துணி கிழிவதற்கு முன் நூல் அறுந்தால் நல்லது: நூலை மறுபடி ஓட்டலாம், பட்டை நெய்ய முடியாது.

ஒட்டுத்துணி வேலைக்கு ஒரே கணக்கு. 24க்கு 20 அங்குலத் துண்டு வேண்டுமென்றால், 4 அங்குலச் சதுரங்கள் ஆறும் ஐந்துமாக 30. கால் அங்குலத் தையல்விடுப்பு என்பதால் ஒவ்வொன்றையும் 4½ ஆக வெட்ட வேண்டும். கனம் வேறுபட்ட துணிகளைக் கலந்தால் கனமானது மெல்லியதைக் கிழிக்கும்.

பழைய சொற்கள்

மேலே சொன்னதில் சுழற்சி எங்கும் இல்லை. பிரிக்கிறோம், தேர்கிறோம், வெட்டுகிறோம், சேர்க்கிறோம். துணியைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களிலேயே வெட்டு இருக்கிறது: துணித்தது துணி, அறுத்தது அறுவை, துண்டித்தது துண்டு.

சேர்ப்பதற்குத் 'துன்னல்' என்றொரு சொல் இருந்தது. பொருநராற்றுப்படையில், கரிகாலனைக் காண வந்த பொருநனின் உடை 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்': வேறு இழைகள் புகுந்த, தைத்துத் தைத்த கந்தல். அரசன் அதை நீக்கிப் புத்தாடை தருகிறான். சிலப்பதிகாரத்துப் புகாரில் தையல்காரர் 'துன்னகாரர்', தோல் தைப்பவர் 'தோலின் துன்னர்'. அடுத்த அடியிலேயே 'கிழியினும் கிடையினும் தொழில்பல பெருக்கி' வாழ்வோர் வருகிறார்கள். கிழி துணி, கிடை நெட்டி. துணியில் கைவேலை செய்து பிழைப்போருக்கு அந்த நகரில் ஓர் இடம் இருந்திருக்கிறது.

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பதில் வரும் கந்தை, ஒட்டுப்போட்ட ஆடையைக் குறிக்கும் வடசொல் 'கந்தா'வோடு தொடர்புடையது. வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுச் செய்யும் 'காந்தா'வும் அதே வேர். அங்கே அது கைத்தொழிலின் பெயராக உயர்ந்தது. இங்கே வறுமையின் பெயராக நின்றுவிட்டது. அதனால் கந்தையை நேராக மீட்டெடுத்து அப்சைக்கிளிங்குக்கு வைப்பது நடக்காத காரியம். துன்னலும் வழக்கொழிந்து வெகுகாலமாகிறது.

சரியான சொல்

எஞ்சுவது 'புனை'. செய்தல், அழகுபடுத்தல், உடுத்தல், மாலை கட்டுதல் என்ற பொருள்கள் எல்லாம் இதில் இருக்கின்றன. நெடுநல்வாடையின் 'புனையா ஓவியம்' இன்னும் வண்ணம் தீட்டி அழகுசெய்யாத ஓவியம். செய்வதோடு அழகும் கூடுகிறது என்ற குறிப்பு இச்சொல்லுக்குள்ளேயே இருப்பதால், 'மேல்' என்று தனியாக ஒட்டுப்போட வேண்டியதில்லை. ஆகவே ஆடைக்கு 'மறுபுனைவு' என்பதே பொருத்தம். புனைவு என்றால் இன்று கதைதான் என்ற ஆட்சேபம் நியாயமானது. 'ஆடை மறுபுனைவு' என்று முழுதாக எழுதினால் குழப்பம் வராது. வினையாக 'மறுபுனைந்த சட்டை', செய்பவர் 'மறுபுனைவாளர்'. நெகிழிப் புட்டியும் டயரும் சேர்ந்து வரும் பொதுக் கட்டுரைகளில் 'உயர்சுழற்சி' இருந்துவிட்டுப் போகட்டும்.

விற்பனைச் சீட்டில் எழுதுவதற்குக் கலைச்சொல்லே தேவையில்லை. 'சேலையில் தைத்த பாவாடை', 'வேட்டியில் தைத்த சட்டை' என்று நம் வீடுகளில் சொல்லும் அந்த 'இல்' உருபு, எதிலிருந்து எது வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. சீட்டின் முதல் வரியில் 'பழஞ்சேலையில் தைத்தது', அடுத்த வரியில் மூலத்துணியின் வகை, மூன்றாவதில் புதிதாகச் சேர்த்த லைனிங், நூல், ஜிப், நான்காவதில் துவைக்கும் முறை. மூன்றாவது வரியைப் பலரும் எழுதுவதில்லை. வாங்கியவர் வெந்நீரில் துவைத்து லைனிங் சுருங்கிய பிறகுதான் அது நினைவுக்கு வரும்.