கருமையாகத் தெரிவதெல்லாம் கடற்புல் அல்ல

விரிகுடாக்களின் அடித்தளத்தை வாழிடங்களாகப் பிரித்து வரைபடம் போடுவது என் வேலை. வரைபடம் கைக்கு வந்ததும் எல்லோரும் வண்ணங்களைத்தான் பார்க்கிறார்கள். பச்சை என்றால் கடற்புல், சாம்பல் என்றால் சேறு. அந்த வண்ணம் அங்கே எப்படி வந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

செயற்கைக்கோள் படத்தில் கடற்புல்லும், பாறைமேல் படர்ந்த பாசியும், அறுந்து வந்து குவிந்த இலைக்குப்பையும் ஏறக்குறைய ஒரே மாதிரி கருமையாகத் தெரியும். சென்டினல்-2 என்ற செயற்கைக்கோள் எடுக்கும் படத்தின் மிக நுணுக்கமான புள்ளியே 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதற்குள் பாதி புல், பாதி மணல் இருந்தாலும் வழக்கமான வகைப்படுத்தலில் கணினி ஒரே பெயரைத்தான் வைக்கும். சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். நீலமும் பச்சையும்தான் கொஞ்சம் ஆழம் போகும். தண்ணீர் கலங்கினால் அதுவும் இல்லை, அப்புறம் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனார்தான். பாறை ஒலியைப் பலமாகத் திருப்பி அனுப்பும், மென்சேறு உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அந்தப் பாறைமேல் எது வாழ்கிறது என்று பார்க்கக் கண் வேண்டும்.

ஒருமுறை, அடர்ந்த கடற்புல் என்று கணினி பச்சை அடித்த இடத்தில் கேமராவைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். பழுப்பேறிய இலைகள் அலைக்கு ஏற்ப மொத்தமாக இப்படியும் அப்படியும் நகர்ந்துகொண்டிருந்தன. வேர் பிடித்த தண்டு ஒன்றுகூட இல்லை. அடுத்த வாரம் போனபோது அங்கே மணல் மட்டும்தான். அந்தப் பச்சையை நம்பியிருந்தால், உண்மையான புல்லுக்குப் போக வேண்டிய பாதுகாப்பு மணலுக்குப் போயிருக்கும்.

இதைவிட எனக்குக் கவலை தரும் பிழை, சேற்றை ‘வெற்றுத் தரை’ என்று எழுதுவது. தூர்வாரிய மண்ணைக் கொட்ட இடம் தேடுபவர்களின் கண் நேராக அந்தச் சொல்லில்தான் விழும். கேமராவை அசைக்காமல் வைத்து, கலங்கல் அடங்கும்வரை பொறுத்திருந்து பாருங்கள். விரல் நுழையும் அளவு வளைகள் தெரியும். வளையின் வாயில் அப்போதுதான் வெளியே தள்ளிய மண் குவிந்திருக்கும். உள்ளே புழுக்களும் இறால் வகைகளும் இருக்கின்றன. என் வகைப்பட்டியலில் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டேன். ‘வளைகள் நிறைந்த சேறு’ என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

துறைமுகமோ தூர்வாரலோ வருகிறது என்று யாராவது வரைபடத்தை விரித்தால், அது எந்த ஆண்டுப் படம், எத்தனை இடங்களில் இறங்கிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். ‘90 சதவீதம் துல்லியம்’ என்றால், ஒவ்வொரு வாழிடத்துக்கும் தனித்தனியான பிழை அட்டவணையைக் கேளுங்கள். சோதித்த 100 இடங்களில் 90 மணலாகவும் 10 கடற்புல்லாகவும் இருந்தால், எல்லாவற்றையும் மணல் என்று எழுதினாலும் அதே 90 சதவீதம்தான் வரும். கடற்புல் ஒன்றுகூட வரைபடத்தில் இருக்காது.